சீரீஸ் பல்போடு போய் வாங்கிய ஃபிஷர் 500-சி

ஃபிஷர் 500-சி என்ற பழைய அமெரிக்க வால்வு ஸ்டீரியோ ரேடியோவுக்குக் கடைக்காரர் 60,000 கேட்டார், 41,000க்கு முடித்தேன். அவுட்புட் வால்வு, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கண்ணாடிக் குழாய், நாலுக்கு 16,000. கண்டென்சர், டயோடு என்று சில்லறைச் சாமான் 2,800. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற 3,700. மெக்கானிக் அண்ணன் கூலி 6,000. ஹாலில் உட்கார்ந்து பயமில்லாமல் ஒரு பாட்டு முழுசாகக் கேட்டபோது 69,500 ரூபாய் போயிருந்தது. பழைய வால்வு ஸ்டீரியோ மேல் ஆசை இருக்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரி. முப்பது வருடம் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். பிறந்தது கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்), அப்பா அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று வால்வு செட்டுகளுக்கு நடுவில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன். ஆனால் அந்தக் கடைக்கு வந்தவை எல்லாம் ஒற்றை ஸ்பீக்கர் செட்டுகள். வால்வில் ஸ்டீரியோ, அதுவும் எஃப்.எம். ஸ்டீரியோ, அப்பாவே கையால் தொட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அந்த ஏக்கம்தான் என்னைக் கோட்டக்குப்பம் தாண்டி, ஆரோவில் பக்கம் திரும்பும் ரோட்டில் இருக்கும் ஒரு பழைய மரச்சாமான் கடைக்குக் கொண்டுபோய் விட்டது.

பொருள், ஃபிஷர் 500-சி. அமெரிக்காவில் 1960களின் நடுவில் விற்றது. ஸ்டேஷன் பிடிக்கும் டியூனர், சின்ன ஒலியைத் தயார்செய்யும் ப்ரீ-ஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் மூன்றும் ஒரே உடம்பில் இருப்பதால் இதற்கு ரிசீவர் என்று பெயர். அந்த நாட்டில் ஸ்டீரியோ எஃப்.எம். ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்ததே 1961இல்தான். புதுசாக ஒன்று வரும்போது கம்பெனிகள் கஞ்சத்தனம் பார்க்காமல் செய்வார்களே, அந்த நேரத்துச் சரக்கு இது. ஏவரி ஃபிஷர் என்பவர் தொடங்கிய கம்பெனி. 1969இல் அதை விற்றுவிட்டார். நியூயார்க்கின் லிங்கன் சென்டர் இசை அரங்குக்கு 1973இல் அவர் பெயரை வைத்தார்கள், 2015இல் எடுத்தும் விட்டார்கள். பெயர் போனாலும் பெட்டி பாடுகிறது.

முகப்பு தங்க நிறத் தகடு. நடுவில் நீளமான கண்ணாடி டயல், கீழே வரிசையாகக் குமிழ்கள். ஆரோவில் ஆரம்பித்த புதிதில் வந்த ஓர் அமெரிக்கர் கொண்டுவந்தது என்று கடைக்காரர் ஒரு கதை சொன்னார். எங்கள் ஊரில் பழைய நாற்காலிக்குக்கூட ஒரு வெள்ளைக்காரர் கதை உண்டு, அதனால் காதில் மட்டும் வாங்கிக்கொண்டேன். என்னை நிறுத்தியது வேறு. பின்பக்கம் திருகு ஒன்றுகூட வழுக்கவில்லை. யாரும் கன்னாபின்னாவென்று கழற்றிப் பூட்டாத செட்.

இரண்டாவது தடவை போனபோது அப்பாவின் சீரீஸ் போர்டை எடுத்துப் போனேன். மரப்பலகையில் ஒரு பல்ப் ஹோல்டரும் ஒரு பிளக் பாயின்ட்டும். பல்பு வழியாகத்தான் கரண்ட் செட்டுக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சமாக எரியும், செட் தப்பிக்கும். பெரிய செட் என்பதால் 200 வாட் குண்டு பல்பு தேடினேன். எல்.இ.டி. காலத்தில் அது கிடைத்ததே தனிக்கதை. நேரு வீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன்.

“என்னா மேடம், பரீட்சை வெக்கிறீங்களா?” என்றார் கடைக்காரர்.

“தேறினா காசு, தேறலேன்னா பஸ்ஸு” என்றேன்.

முதலில் மோந்து பார்த்தேன். அப்பா சொல்லிக்கொடுத்தது அது. கருகிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு வாசனை உண்டு, எத்தனை வருடமானாலும் போகாது. இதில் வெறும் தூசும் பழைய மெழுகும்தான். அடித்தகட்டைக் கழற்றச் சொன்னேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் இந்தப் பக்கம் எத்தனை குடோனில் தண்ணீர் ஏறியது என்று ஊருக்கே தெரியும். சேற்றுக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு இல்லை. அதற்குப் பதில் ஒரு மூலையில், இரண்டு கண்டென்சருக்கு நடுவில், உடைந்த பல்லி முட்டை ஓடுகள் மூன்று. சுண்ணாம்பு மாத்திரை போல வெள்ளையாக. பல்லி குடும்பம் நடத்திய இடத்தில் வெள்ளம் வந்திருக்காது என்று மனசு தேறியது.

பல்பு பளிச்சென்று எரிந்து, ஐந்தாறு விநாடியில் மெதுவாக அடங்கி ஆரஞ்சு நிறத்துக்கு வந்து நின்றது. இத்தனை பெரிய செட்டுக்கு அது முழுசாக மங்காது. அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு நிமிடம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு பாட்டு கேட்டது. கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நேரா போடுங்க மேடம், அப்ப தெரியும்” என்று அவரே போர்டைத் தள்ளிவைத்து நேரடியாகச் சொருகினார். கடை முழுக்க நிறைந்தது சத்தம். ஐந்து நிமிடம் கேட்டேன், பேரம் பேசினேன், பணம் கொடுத்தேன்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். அவர் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை, நானேதான். பட்டப்பகல், ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. வால்வுகளை மூடியிருந்த வலைமூடியையும் நான் எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பதினேழு கிலோ கனம், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை, கார்தான். அண்ணனுக்கு எழுபது வயதாகிறது. சின்னப் பையனாக அப்பா கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், இன்றைக்கும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வலைமூடியைக் கழற்றினார், செட்டைப் போட்டார், அப்புறம் எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்தார்.

“பாரு பாப்பா.”

நாலு அவுட்புட் வால்வும் (அதன் நம்பர் 7591) உள்ளே திரி போல ஆரஞ்சாக எரிந்தன, அது அழகு. இரண்டு நிமிடம் போனது. மூன்றாவது வால்வில் திரியைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு ஓரமாகக் கருஞ்சிவப்பு ஆனது. கொல்லன் உலையில் இரும்பு சிவக்க ஆரம்பிக்குமே, அந்த நிறம். தகட்டின் மேல்விளிம்பிலிருந்து கீழே வழிந்து இறங்கியது. அண்ணன் உடனே அணைத்துவிட்டார். “இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா வால்வு மட்டும் போகாது, டிரான்ஸ்ஃபார்மரும் கூடப் போவும்.” அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால் இந்த ஊரில் எங்கே தேடுவது? எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடையில் சனி, ஞாயிறு டூரிஸ்டுகள் வரும்போதெல்லாம் இதைப் பாடவிட்டுக் கூட்டம் சேர்த்திருக்கிறார்கள்.

காரணம் ஒரு சின்னக் கண்டென்சர். முந்தைய கட்டத்திலிருந்து பாட்டை மட்டும் கடத்தி, உயர் வோல்ட்டைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. அறுபது வருடத்தில் கசிய ஆரம்பித்துவிட்டது. வால்வுக்குள் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது கிரிட். மைனஸ் வோல்ட்டில் இருக்க வேண்டிய அது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு ஏறிவிட, வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுத்துச் சிவக்கிறது. வால்வுக்கு ஒன்றாக இருக்கும் அந்த நாலு கண்டென்சரையும் மாற்றியே ஆக வேண்டும். மைனஸ் வோல்ட் தரும் செலினியம் ரெக்டிஃபையருக்கும் வயதாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு சிலிக்கன் டயோடு போட்டார். செலினியம் கொஞ்சம் வோல்ட்டைத் தானே தின்றுவிடும், சிலிக்கன் தின்னாது. அதனால் கூடவே ஒரு ரெசிஸ்டன்ஸும் போட்டுச் சரிக்கட்டினார். இதை மறந்துபோகிற மெக்கானிக்குகள் உண்டு. சாமான் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது. வால்வு மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். 7591ஐ இப்போதும் புதிதாகச் செய்கிறார்கள், ஆனால் பழசைவிடக் குண்டு. வலைமூடிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

ஸ்டெப் டவுன் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கூடவே கொடுத்தது 110 வோல்ட்டுக்கானது. செட் அமெரிக்காவின் 117 வோல்ட்டுக்குத்தானே, 110 குறைவுதானே என்று தோன்றும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதே வோல்ட் கொடுத்தாலும் 50இல் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கூடுதலாகக் காந்தமாகும், சூடேறும், முனகும். நான் 105 வோல்ட்டுக்குத் தனியாகச் சுற்றச் சொன்னேன். வால்வுத் திரி அதைத் தாங்கும். முனகல் பாதியாகக் குறைந்தது. கைவைத்தால் சுடுகிறது, ஆனால் கையை எடுக்க வைக்கும் சூடு இல்லை.

சரி, பாடுகிறதா?

102.8இல் நம் ஆகாசவாணியைப் பிடித்ததும் டயலில் ஸ்டீரியோ விளக்கு தானாக எரிந்தது. ஏரியலுக்கு அந்தக் காலத்து டி.வி. ரிப்பன் வயரை ஒன்றரை மீட்டர் வெட்டி, டி வடிவத்தில் கட்டி, காலண்டருக்குப் பின்னால் ஆணியடித்தேன். மீட்டர் முள் முக்கால் தூரம் ஏறியது. அறிவிப்பாளர் மூச்சிழுப்பது, காகிதம் புரட்டுவது எல்லாம் கேட்கிறது. இந்த ஸ்டேஷனை இத்தனை வருடம் கார் ரேடியோவிலும் போனிலும் கேட்டவள் நான். குரலுக்கு இத்தனை உடம்பு உண்டு என்று தெரியாது. ஒரு குறை: மேல்ஸ்தாயி சற்று மங்கல். இது செட்டின் கோளாறு இல்லை. அமெரிக்க எஃப்.எம்.மில் மேல்ஸ்தாயியைச் சரிசெய்யும் கணக்கு 75 மைக்ரோசெகண்ட், நம் ஊரில் 50. ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால் போதும். இரண்டு கண்டென்சர் மாற்றினால் நிரந்தரமாகச் சரியாகும் என்றார் அண்ணன். வேண்டாம் என்றுவிட்டேன். குமிழ் எதற்கு இருக்கிறது?

இசைத்தட்டுக்கு வருவோம், இதற்காகத்தானே வாங்கியது. அப்பா விட்டுப்போன காருகுறிச்சியார் நாதஸ்வர எல்.பி. ஒன்று இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் நாதஸ்வரம் காதைக் கிழிக்கும், பின்னால் தவில் ஒரே தட்டுச் சத்தமாகக் கலந்துவிடும். இதில் தவிலின் இரண்டு முகமும் தனித்தனியாக வந்தன. வலது கை விரலில் மாட்டிய கூடு தோலில் படும் சுரீர், இடது கைக் குச்சி விழும் தொம். நாதஸ்வரம் கோயில் வெளிப்பிராகாரத்தில் நின்று கேட்கும் தூரத்துக்குப் போய் நின்றது. கம்பெனி விளம்பரம் 75 வாட் என்று சொன்னது. இரண்டு சேனலும் சேர்த்து, அதுவும் அந்தக் காலத்துத் தாராளக் கணக்கு. என் ஹாலுக்கு வால்யூம் கால் பங்கே அதிகம். கல்யாண வீட்டு சத்தம் வேண்டுமென்றால் வேறு எதையாவது வாங்குங்கள்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் ஆசையாகத் தேக்கில் செய்து கொடுத்த பெட்டி, செட்டுக்குச் சட்டை தைத்த மாதிரி இறுக்கம். காற்றுப் போக வழியே இல்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டேன், இப்போது அதில் செய்தித்தாள் அடுக்கியிருக்கிறேன். மே மாதம் மத்தியானத்தில் இதைப் போட்டால் ஹாலில் கூடுதலாக ஒருவர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. பிளக் மீட்டரில் 150 வாட்டுக்குக் குறைந்து பார்த்ததில்லை, ஒன்றும் பாடாமல் சும்மா இருந்தாலும் அதே. கடல் உப்புக்காற்றில் குமிழ்கள் கரகரக்க ஆரம்பிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்ப்ரே அடித்து இருபது தடவை திருக வேண்டும். ஸ்பீக்கர் வயர் கழன்றிருப்பது தெரியாமல் யாரும் வால்யூமைத் திருகிவிடக் கூடாது, லோடு இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகாது. அதனால் பேரப்பிள்ளைகள் வந்தால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறேன். குடும்பத்தில் சண்டை வரும் பொருள் என்று ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதன்மேல் இருந்த மனத்தாங்கல் வேறு. 500-சியில் மீடியம் வேவ் கிடையாது, எஃப்.எம். மட்டும்தான். கூடவே விற்ற 800-சியில் அது உண்டு. அவர் தேவனாம்பட்டினத்துக்காரர், மீடியம் வேவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். “எழுபதாயிரம் போட்டு வாங்கினது, எங்க அப்பா வெச்சிருந்த பெட்டி புடிச்ச ஸ்டேஷனைக்கூடப் புடிக்காது” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மே மாதம் ஒரு ராத்திரி, காற்றே இல்லை, புழுக்கம். கோடையில் கடலுக்கு மேல் காற்றடுக்குகள் சூடும் குளிர்ச்சியுமாகப் படிந்து நின்றால் எஃப்.எம். அலை அதற்குள் மாட்டிக்கொண்டு வெகுதூரம் போகும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு டயலை நகர்த்திக்கொண்டிருந்தபோது, எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் ஒரு பெண் குரல். தமிழ்தான், நம் பக்கத்துத் தமிழ் இல்லை. அந்த இழுவை, அந்த உச்சரிப்பு. ஸ்டீரியோ விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது.

படுக்கப் போனவர் திரும்பி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து டயலுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, குரல் தேயும்போதெல்லாம் குமிழை ஒரு மயிரிழை அந்தப் பக்கம், ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் ஹால் லைட்டை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.