அட்வான்ஸா, தவணையா, கோர்ட்டா? காலி செய்துபோனவரின் பாக்கியை எப்படி வாங்குவது

மாடி வீட்டில் குடியிருந்த தம்பி காலி செய்துபோய் முப்பத்தெட்டாம் நாள் ஈ.பி.யிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கட்ட வேண்டிய தொகை 4,180 ரூபாய். இணைப்பு என் பெயரில் இருக்கிறது. கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவது என் வீட்டில்தான்.

அவர் கடைசி நான்கு மாதமாக வாடகையும் தரவில்லை. கேட்டபோதெல்லாம் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கக்கா" என்பார். மாத வாடகை 9,000, அட்வான்ஸ் 30,000. நான்கு மாத வாடகை 36,000, கரண்ட் பில்லோடு சேர்த்து 40,180. அட்வான்ஸைக் கழித்தால் 10,180 ரூபாய் எனக்கு வர வேண்டும். திருச்சியில் மாடியை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வீட்டை நடத்துகிறவளுக்கு இது சின்னத் தொகை இல்லை. இதை வாங்க என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். சிலவற்றை முயன்றும் பார்த்தேன்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது, அட்வான்ஸில் கழிப்பது. செலவில்லை, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, பணம் ஏற்கெனவே நம் கையில். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. குடியிருந்தவர் தர வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, மீதியை அவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது.

இங்கே ஒரு சிக்கல். திருப்பித் தர ஒரு மாதம்தான் கெடு. வீட்டு இணைப்புக்கு ஈ.பி. கணக்கெடுப்பதோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் காலி செய்கிறவரின் கரண்ட் பில் அவர் போன பிறகுதான் வரும். அதற்குள் புதுக் குடித்தனம் வந்துவிட்டால் இன்னும் குழப்பம். பழையவர் 380 யூனிட், புதியவர் 160 யூனிட் ஓட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். தனித்தனியாக இரண்டும் குறைவுதான். ஒரே பில்லில் சேரும்போது 540. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-லிருந்து 200 வரைக்கும் உள்ள மலிவான கட்டணம் போய்விடும், அந்த யூனிட்டுகளும் அடுத்த விலைக்கு ஏறிவிடும். முதல் 100 யூனிட் இலவசமும் ஒரு பில்லுக்கு ஒருமுறைதான். இந்தக் கூடுதல் காசை யார் தலையில் வைப்பது? என்னைக் கேட்டால், சாவி வாங்கும் அன்று மீட்டரில் என்ன எண் ஓடுகிறதோ அதைக் குறித்து, பழையவரின் யூனிட்டுக்கு மட்டும் ஈ.பி. இணையதளத்தில் இருக்கும் கட்டணக் கணக்கில் போட்டுப் பார்த்து, அந்தத் தொகையை அப்போதே பிடித்துக்கொள்வதுதான் நியாயம். புதியவர் வந்ததால் ஏறிய காசைப் பழையவரிடம் கேட்பது சரியில்லை.

வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடம் ஒருவர் வாழ்ந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். அது பாக்கி இல்லை. உடைந்த வாஷ்பேசினுக்குப் பிடியுங்கள், மங்கிய சுவருக்குப் பிடிக்காதீர்கள்.

அட்வான்ஸ் முழுதும் தீர்ந்த பிறகும் பாக்கி நிற்கிறதென்றால், என் கதையைப் போல, மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும்.

போலீஸ் வேண்டாம். வாடகை பாக்கி சிவில் விவகாரம், வசூலித்துத் தருவது ஸ்டேஷன் வேலை இல்லை. அதே மாதிரி, சிலர் பாக்கிக்காரரின் ஃபிரிட்ஜையோ பீரோவையோ நிறுத்தி வைக்கிறார்கள், இன்னும் காலி செய்யாதவருக்குக் கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்துகிறார்கள். அத்தியாவசிய வசதியை நிறுத்தக் கூடாது என்று அதே வாடகைச் சட்டம் சொல்கிறது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது வக்கீல் நோட்டீஸும் வழக்கும். எனக்குத் தெரிந்த வக்கீல் நோட்டீஸுக்கு 2,000 ரூபாய் கேட்டார். வழக்கு என்று போனால் தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், 2017-க்கு முன்பு 7.5 ஆக இருந்தது. 10,180-க்குக் கட்டணம் சுமார் 305 ரூபாய்தான், அது பெரிதில்லை. வக்கீல் ஃபீஸும் வாய்தாவுக்குப் போய் நிற்கிற நாட்களும்தான் பெரிது. லட்சத்தைத் தொடுகிற பாக்கி, கடை வாடகை, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கையில் என்றால் தயங்காமல் போகலாம். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட, ஒவ்வொரு மாத வாடகையும் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று விட்டால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போகும்.

பாக்கிக்குச் செக் கொடுத்து அது திரும்பிவிட்டால் நிலைமை வேறு. வங்கி திருப்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கிரிமினல் புகார் கொடுக்கலாம். வெறும் வாய்ப்பேச்சை விட இது பலமடங்கு வலுவானது. ஆனால் தேதியைத் தவறவிடக் கூடாது.

நேரில் கேட்பதற்கும் வழக்குக்கும் நடுவே லோக் அதாலத், அதாவது இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் செய்யும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குப் போடாமலே மாவட்ட அல்லது வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே முடிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. பத்தாயிரம், இருபதாயிரம் பாக்கிக்கு வழக்கை விட இதுதான் பொருத்தம் என்பேன். ஒரே குறை, அவரும் வந்து உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வேண்டும். ஊரையே மாற்றிக்கொண்டு, போனையும் எடுக்காதவரிடம் இது பலிக்காது.

மாடி வீட்டுத் தம்பி போனை எடுத்தார். அதனால் நான் தவணைக்குப் போனேன். அவருக்கு வேலை போயிருந்தது, புது வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "ஒரேயடியா முடியாதுக்கா, மாசம் ரெண்டாயிரம் தர்றேன்" என்றார். சரி, அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். வாடகை பாக்கி இவ்வளவு, கரண்ட் பில் இவ்வளவு, அட்வான்ஸ் கழித்தது போக மீதி 10,180, மாதம் ஐந்தாம் தேதிக்குள் இவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தாளையும் தபாலில் வாங்கி வைத்தேன். இந்தத் தாள் ரொம்ப முக்கியம். தவணை நின்றுபோனால் லோக் அதாலத்துக்கோ கோர்ட்டுக்கோ இதே தாளைத்தான் காட்டப்போகிறோம். வழக்குப் போடும் கெடு முடிவதற்குள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், மூன்று வருடக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். இதுவரை நான்கு தவணை வந்திருக்கிறது, 8,000. ஒரு மாதம் மட்டும் பத்து நாள் தாமதம்.

கரண்ட் பில்லை அவருக்காகக் காத்திருக்காமல் நானே கட்டிவிட்டேன். புதுக் குடித்தனம் வந்த வீட்டில் பழையவர் பாக்கிக்காக விளக்கு அணையக் கூடாது.

இப்போது மாடிக்கு வந்திருக்கும் குடும்பத்தோடு ஒப்பந்தம் போடும்போது, கடைசி மாத வாடகைக்கு அட்வான்ஸைக் கழிக்கக் கூடாது என்று தனி வரியாகவே எழுதினோம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தாயிற்று. குடியேறிய அன்று அந்த வீட்டம்மாவும் நானும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மீட்டரின் முன்னால் நின்று, அதில் ஓடிய எண்ணை அவர் போனில் ஒரு படம், என் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.