மூன்று வேலை, மூன்று நாள், ஒரு வங்கிக் கிளை

இந்தப் பொங்கலுக்குக் கரூர் போனபோது, அம்மாவைப் பார்ப்பது தவிர, கையில் மூன்று வேலை இருந்தது. மூன்றும் ஒரே வங்கிக் கிளையில். தூங்கிப்போன என் பழைய சேமிப்புக் கணக்கை எழுப்ப வேண்டும், அப்பா விட்டுப்போன டெபாசிட்டை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், லாக்கருக்குப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். மெல்போர்னில் என் வங்கிக்குள் கால் வைத்தே நாலு வருடம் இருக்கும், எல்லாம் போனில் முடிந்துவிடும், அந்தப் பழக்கம்.

முதல் நாள் பத்தே கால் வரை பணம் கட்டும் கவுன்டர் திறக்கவில்லை. வெளியே நாற்பது பேர். கேஷியர் உட்கார்ந்திருக்கிறார், பெட்டகம் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், இரண்டு சாவி, இரண்டும் இரண்டு பேரிடம், ஒருவர் பஸ்ஸில் மாட்டிக்கொண்டார். ஒருவரே இரண்டு சாவியையும் வைத்துக்கொண்டு திறந்தால் என்ன என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "திறந்தா நாளைக்கு அவரு மேல கேஸுங்க தம்பி" என்றார். அவர் வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், பென்ஷன் விஷயமாக வந்திருந்தார்.

அப்புறம் கவனித்துப் பார்த்தால் அந்தக் கிளை முழுக்கவே இரண்டு இரண்டு பேராகத்தான் ஓடுகிறது. எழுத்தர் கணினியில் ஒன்றைப் பதிந்தால் அது அப்படியே நிற்கும், அதிகாரி தன் எண்ணில் உள்ளே போய் 'பாஸ்' பண்ணினால்தான் நகரும். என் விண்ணப்பம் பதிந்து ஐந்தே நிமிடம், பாஸ் பண்ண வேண்டியவர் நகைக்கடன் பக்கம் போய்விட்டதால் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு.

என் கணக்கில் நான் கடைசியாகக் கை வைத்தது 2019-ல். நாமாக ஒரு வரவோ செலவோ செய்யாமல் 2 வருடம் போனால் கணக்கு செயலற்றது என்று ஆகிவிடும். வங்கி தானாகப் போடும் வட்டியெல்லாம் நாம் செய்த வரவாக எடுத்துக்கொள்ளப்படாது. 10 வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும், அப்போதும் கேட்டு வாங்கலாம், ஆனால் இன்னும் நடை. எழுப்புவதற்குக் கட்டணம் கிடையாது, 2024 ஏப்ரலிலிருந்து அப்படி விதி. சரி, ஆதாரைப் பார், பானைப் பார், கணக்கைத் திற, இதற்கு எதற்கு இத்தனை காகிதம் என்று அந்த அதிகாரி அம்மணியிடம் எரிச்சலோடு கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "உங்க கணக்குல இருக்கற நம்பர் இதுதானுங்களா?" என்று திரையைக் காட்டினார். ஊரை விட்டுப் போனபின் ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட நம்பர். மேசை போனில் அந்த எண்ணைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார். எடுத்தவர் தாராபுரம் பஸ்ஸில் இருந்தார். தக்காளி லோடு பற்றித்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "பதினோரு மணிக்கு வந்துருமுங்க" என்று அவர்பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் சொன்ன மாதிரி திறந்திருந்தால் என் கணக்கின் ஓடிபி எல்லாம் அந்தத் தக்காளிக்காரருக்குத்தான் போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு காகிதத்தை நிரப்பினேன். கையெழுத்து வேறு சேரவில்லை, பழைய அட்டையில் தமிழில் முழுப் பெயர், இப்போது போடுவது ஆங்கிலக் கிறுக்கல்.

வெளிநாட்டில் குடியேறிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கை வைத்திருக்கக் கூடாது, அதை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான கணக்கு, ஆக்க வேண்டும். எனக்குத் தெரியும், ஆனாலும் இத்தனை வருடம் செய்யவில்லை, என் தப்புதான். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். ஆஸ்திரேலியாவோடு வரி ஒப்பந்தம் இருப்பதால், அங்கே வரி கட்டுகிறோம் என்ற சான்றிதழ் கொடுத்தால் 15-தான். இதையும் அந்த அம்மணிதான் சொன்னார்.

அப்பாவின் டெபாசிட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா நாமினி, இறப்புச் சான்றிதழும் ஒரு படிவமும் போதும் என்றார்கள், வாரிசுச் சான்றிதழ் கேட்கவில்லை. நாமினி போடாமல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய்ப் போட்டுவிடுங்கள். 2025 நவம்பரிலிருந்து நாலு பேர் வரை போடலாம்.

இரண்டாம் நாள் லாக்கர். நம் சாவி ஒன்று, வங்கிச் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒப்பந்தத்தை நான் வரிவரியாகப் படித்தேன், அதைப் பார்த்து அம்மாவுக்கே வெட்கமாகிவிட்டது. தீயோ திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்தால் வங்கி கொடுப்பது அதிகபட்சம் வருட வாடகையின் 100 மடங்கு. எங்கள் வாடகை 3,000, ஆக 3 லட்சம், இன்றைய விலையில் பத்துப் பவுனுக்குக்கூடக் காணாது. வெள்ளம், பூகம்பம் என்றால், வங்கி தன் கவனக்குறைவு இல்லை என்று காட்டிவிட்டால் அதுவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது என்பதுதான் இதற்குச் சொல்லும் நியாயம்.

அதே கட்டடத்தில் பத்தடி தள்ளி நகைக்கடன். ஒரு பெண் சங்கிலியைக் கழற்றித் தர, மதிப்பீட்டாளர் கறுப்பு உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அமிலச் சொட்டு விட்டுப் பார்த்து, தராசில் மில்லிகிராம் வரை எழுதி, கல்லுக்கு இவ்வளவு கழிவு என்று சொல்லி, உறையில் போட்டு ஒட்டினார். அதிகாரி அதன்மேல் கையெழுத்துப் போட்டார். அந்த நகை வங்கியின் பணத்துக்கு ஈடு, அதனால் ஒவ்வொரு குண்டுமணிக்கும் ரசீது. இதை அம்மாவிடம் சொன்னால், "அப்ப நம்ம நகையையும் அடகே வெச்சுப்போடலாமா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கரூர்க்காரர்களிடம் வங்கி பற்றிப் பேச்சு எடுத்தால் எப்படியும் 2020-க்கு வந்துவிடும். கரூர் வைஸ்யா 1916, லட்சுமி விலாஸ் 1926, இரண்டும் இந்த ஊர் வியாபாரிகள் ஆரம்பித்தவை. இரண்டாவதில் பெரிய கடன்கள் திரும்பாமல் வாராக்கடன் ஏறி, 2020 நவம்பர் 17-ல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்கள் ஒரு பைசாகூட இழக்கவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்குச் சல்லிக்காசு தேறவில்லை. வங்கி மூழ்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு அந்த வருடம் பிப்ரவரியில்தான் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் என்பதிலிருந்து 5 லட்சமாகியிருந்தது. ஆஸ்திரேலியாவில் இது 2,50,000 டாலர். ஐந்து லட்சத்துக்கு மேல் இருப்பதை வேறு வங்கியில் பிரித்துப் போடச் சொன்னால், "பக்கத்துல இருக்கற வங்கியே போதும்" என்கிறார் அம்மா.

மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்கு அழைத்தார்கள். டீ வந்தது. டீக்குப் பின்னாலேயே இன்சூரன்ஸ் காகிதமும் வந்தது. அப்பாவின் டெபாசிட் பணத்தை அப்படியே ஒரு பாலிசியில் போட்டால் "எஃப்டி மாதிரியே, அதைவிட நல்லது" என்று 71 வயது அம்மாவிடம் சிரித்துக்கொண்டே விளக்கினார்கள். வருடா வருடம் பிரீமியம் கட்ட வேண்டும், நடுவில் எடுத்தால் கணிசமாகப் போய்விடும் என்பதெல்லாம் சின்ன எழுத்தில் இருந்தது. பெட்டகம் திறக்க இரண்டு சாவி, என் போன் நம்பரை மாற்ற இரண்டு பேர், இதற்கு மட்டும் ஒரு சிரிப்பும் ஒரு கையெழுத்தும் போதுமாம். பேனா ஏற்கனவே அம்மா கையில் இருந்தது. நான் அன்றைக்கு அங்கே இல்லாமல் இருந்திருந்தால்? வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிட்டோம். டீ நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வரும்போது பாஸ்புக் பதியலாம் என்று போனால் மெஷின் ரிப்பேர், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். எனக்கு வியாழன் இரவு விமானம். அம்மா என் பாஸ்புக்கையும் வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீ போ கண்ணு, நான் வந்து போட்டுக்கறேன். எனக்கும் பொழுது போவோணுமல்ல" என்றார்.