“கஸ்டம்ஸ் லெட்டர்” விற்கிறார்கள், காசு கொடுத்து ஏமாறாதீர்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிற அம்மா அப்பாமாருக்கு, யாழ்ப்பாணத்தில் ரிக்கெற் போட்டுக் கொடுக்கும் சில இடங்கள் இன்னொரு பொருளையும் சேர்த்து விற்கின்றன. “மருந்து கொண்டுபோறியளோ? அப்ப கஸ்டம்ஸ் லெட்டர் ஒண்டு வேணும், நாங்களே எடுத்துத் தாறம்” என்பார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். பற்றுச்சீட்டு தருவதில்லை.

அண்மையில் அப்படி ஒரு கடிதத்தோடு கட்டாரின் டோகாவில் போய் இறங்கிய வயதான தம்பதியிடம் சுங்கத்தில் மருந்துப் பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஐயாவுக்கு நீரிழிவும் கால் எரிவும், அம்மாவுக்குப் பிரஷரும் முழங்கால் வலியும். கால் எரிவுக்கான பிரிகபலினும் வலிக்கான ட்ரமடோலும் போனதோடு நிற்கவில்லை. மெற்போமின், லொசாட்டன், அற்றோவாஸ்ரற்றின் என்று எந்தச் சிக்கலும் இல்லாத குளிசைகளும் சேர்ந்தே போயின. எது எந்தக் குளிசை என்று அங்கே எவராலும் சொல்ல முடியவில்லை. நாலு மணித்தியாலம் விசாரணை அறையில் இருத்தி வைத்துவிட்டு வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு டொக்டரைப் பிடித்து, எல்லா மருந்தையும் புதிதாக எழுதுவித்து, மகன் செலவழித்த காசு வேறு. கடிதம் கொடுத்த இடத்தில் கேட்டதற்கு, “லெட்டர் தந்தனாங்கள்தானே, அங்கை நடக்கிறதுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று பதில் வந்தது.

அந்தக் கடிதத்தைப் பார்த்தால் எங்கே பிழைத்தது என்று விளங்கும். “இவர் நீரிழிவுக்கும் நரம்பு வலிக்கும் தொடர்ந்து மருந்து பாவிப்பவர், தயவுசெய்து அனுமதிக்கவும்.” அவ்வளவுதான். மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை, அளவு இல்லை, எத்தனை நாளுக்கு என்று இல்லை. ஒரு வட்ட முத்திரை இருக்கிறது, ஆனால் டொக்டரின் மருத்துவ சபைப் பதிவிலக்கம் இல்லை. கையொப்பம் வைத்தவர் அந்த ஐயாவைக் கண்ணாலும் கண்டதில்லை. பெயரோ கிளினிக் கொப்பியில் இருப்பதுபோல முதலெழுத்தோடு சுருங்கிக் கிடக்கிறது. பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முழுதாக விரிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது எங்களுக்குத் தெரியும், டோகாவில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பயன்படுகிற கடிதத்தை உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டரே எழுதித் தருவார். அதற்கு ஏஜென்சி தேவையில்லை. ஆங்கிலத்தில், அவருடைய கடிதத் தலைப்பில், பதிவிலக்கம் தெரியும் முத்திரையோடு இருக்கவேண்டும். பாஸ்போட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் பெயர், பாஸ்போட் இலக்கம், பிறந்த திகதி. பிறகு நோய், ஒவ்வொரு மருந்தினதும் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்), மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, பயணம் எத்தனை நாள், மொத்தம் எத்தனை குளிசை. கம்பனி வைத்த பெயரை மட்டும் எழுத விடாதீர்கள். எங்கள் பாமசிகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்தியக் கம்பனிகளின் பெயர்கள், வேறு நாட்டில் அவை எவருக்கும் விளங்காது. மூலப்பெயரே சில நாடுகளில் மாறும்: எங்கள் பரசிற்றமோல் கனடாவிலும் அமெரிக்காவிலும் அசெற்றமினோபென், எங்கள் சல்பியூற்றமோல் அமெரிக்காவில் அல்பியூற்றரோல், கிளிபென்கிளமைட் அங்கே கிளைபியூரைட். நேரத்தையும் “பி.டி.” (நாளுக்கு இரண்டு தரம்), “நொக்டே” (இரவில்) என்று சுருக்காமல் “காலை ஒன்று, இரவு ஒன்று” என்று சொல்லில் எழுதும்படி கேளுங்கள்.

மொத்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், சுங்கத்தில் அதைத்தான் கணக்குப் பார்ப்பார்கள். பிரிகபலின் 75 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு, முப்பது நாளென்றால் அறுபது. கையில் நூற்றைம்பது இருந்தால் மிச்சம் தொண்ணூறும் யாருக்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு விற்பனைக்கு என்பதைத் தவிர வேறு விடை அவர்களுக்குத் தோன்றாது. பயணம் பிந்தினாலும் என்று ஒரு கிழமைக்கு மேலதிகமாக வைப்பதென்றால் அதையும் டொக்டர் கணக்கில் சேர்த்து எழுதட்டும்.

அந்தத் தம்பதிக்குப் பாமசியிலும் அநியாயம் நடந்தது. பாரம் குறையுமென்று சொல்லி, பெட்டிகளை எறிந்து, குளிசைகளைக் கழற்றி, பழைய விற்றமின் போத்தல்களில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடக் கெட்ட யோசனை இல்லை. விற்றமின் என்று ஒட்டிய போத்தலுக்குள் ட்ரமடோல் இருந்தால் அது மறைத்துக் கடத்தியதாகவே பார்க்கப்படும். தெரியாமல் செய்தது என்று வயதான ஒரு ஆள் சுங்க மேசையில் நின்று நிரூபிக்க முடியுமா? கத்தரித்த குளிசை மட்டையும் ஆபத்துத்தான். தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் பல மட்டைகளில் ஒரு ஓரத்தில்தான் அடித்திருக்கும், அந்த ஓரம் வெட்டுப்பட்டால் மிச்சம் பெயரில்லாத குளிசை. முழு மட்டையாக, பெட்டியோடு, விபரத் துண்டோடு வாங்குங்கள். இடம் போதாவிட்டால் சேலை ஒன்றைக் குறையுங்கள்.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் எடுப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. அங்கே குளிசையை எண்ணிக் கடதாசி உறையில் போட்டு, மேலே பேனையால் எழுதித் தருவார்கள். வீட்டுக்கு அது போதும், விமான நிலையத்துக்குப் போதாது. பயண நாட்களுக்கு மட்டும் அதே மருந்தை வெளியே பெட்டியோடு வாங்கி, பாமசி பில்லையும் டொக்டர் மருந்தெழுதித் தந்த துண்டையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோகலாம், ஆனால் அந்தக் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர் அங்கே இருப்பார் என்று நம்பிப் போகக்கூடாது.

“டொக்டர் எழுதின மருந்துதானே, ஏன் பயம்?” என்று ஏஜென்சிக்காரர் சொன்னாராம். இங்கே துண்டோடு முறையாக வாங்கியது இன்னொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரலாம். ட்ரமடோல், கோடீன், பிரிகபலின், டயஸெபாம், அல்பிரஸோலாம், குளோனஸெபாம்: இந்தப் பெயர்களில் ஒன்று துண்டில் இருந்தால் பயணத்துக்கு முன்னரே விசாரியுங்கள். லிரிக்கா என்ற பெயரில் பிரிகபலினைப் பிடித்ததாகக் கட்டார் சுங்கத்தின் செய்திகள் அடிக்கடி வரும். 2017 இல் எகிப்துக்கு 290 ட்ரமடோல் குளிசை கொண்டுபோன பிரித்தானியப் பெண் ஒருவர், துணைவரின் முதுகு வலிக்கு என்று சொல்லியும், மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கோடீன் தனியாக வருவது குறைவு, பரசிற்றமோலோடும் இருமல் பாணியோடும் கலந்து வரும். பெட்டியின் பின்பக்கத்தை வாசிக்காமல் எடுத்து வைக்காதீர்கள்.

முன் அனுமதி என்பது போகிற நாட்டின் அரசு தருவது. யாழ்ப்பாணத்தில் எவரும் அதை அச்சடித்துத் தரமுடியாது. ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம், டொக்டரின் கடிதமும் துண்டும் பாஸ்போட் பிரதியும் கேட்பார்கள். சிங்கப்பூருக்கு அனுமதி தேவையென்றால் விண்ணப்பத்தைப் பயணத்துக்குக் குறைந்தது 10 வேலைநாள் முன்னர் அனுப்பவேண்டும். பிரித்தானியாவுக்கு, போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து மூன்று மாதத்துக்கு உட்பட்டதென்றால் டொக்டரின் கடிதம் போதும், அதற்கு மேலென்றால் உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். கனடாவில் சாதாரண மருந்து 90 நாளுக்கு, கட்டுப்படுத்தப்பட்டது 30 நாளுக்கு. சுவிஸில் ஒரு மாதத்துக்குத்தான், மூன்று மாதத்துக்கு என்று கட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அவுஸ்திரேலியாவில் மூன்று மாதம், இறங்கும்போது நிரப்பும் அட்டையில் மருந்து இருக்கிறதென்று ஒத்துக்கொண்டு காட்டவேண்டும்.

கனடாவில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு இங்கிருந்து துண்டு மருந்தைத் தபாலில் அனுப்ப முடியாது. அதனால்தான் “அக்கா, இந்தச் சின்னப் பார்சலை ஒருக்கால் கொண்டுபோய்க் குடுங்கோ” என்று வருவார்கள். உங்கள் பெயரில் துண்டு இல்லாத ஒரு மட்டையும் உங்கள் பெட்டிக்குள் போகக்கூடாது. சொந்தக்காரர் கோபிப்பார், கோபிக்கட்டும்.

இன்சுலின் பாவிப்பவர்கள் அதைக் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள். கீழே போகும் பெட்டியில் குளிர் உறைநிலைக்குப் போகலாம். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலை செய்யாது, பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம். ஐஸ் பொதியை நேரே முட்ட வைக்காமல் ஒரு துணியால் சுற்றுங்கள். ஊசிகளையும் கடிதத்தில் எழுதுவியுங்கள். கைப்பையில் திரவத்துக்கு இருக்கும் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு தேவையான மருந்துக்குத் தளர்த்தப்படும், ஆனால் பரிசோதனை வரிசையில் நீங்களே முதலில் எடுத்துச் சொல்லவேண்டும்.

இடையில் மாறுகிற நாட்டையும் மறக்கவேண்டாம். ஒரே ரிக்கெற்றில் போனால் பெட்டி நேரே போகலாம். இரண்டு ரிக்கெற்றாகப் பிரித்து மலிவாகப் போட்டுத் தந்திருந்தால், நடுவில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டவேண்டி வரும், அப்போது அந்த நாட்டின் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

நாட்டு மருந்தென்றால் கேள்வி இல்லை என்பதும் பிழை. பாதரசம், ஈயம் சேரும் பற்பங்களும் செந்தூரங்களும், கஞ்சா சேரும் மதனமோதகமும் வெளிநாட்டில் பெரிய சிக்கல். மருந்தல்லாத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது: சமையலுக்குப் போடும் கசகசாவுக்கு அரபு இராச்சியத்தில் தடை, சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. கடையில் வாங்கிய மசாலா என்றால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

விமானத்தில் ஏறிய பிறகுதான் சந்தேகம் வந்தால், இறங்கியதும் அறிவிக்கும் சிவப்பு வழியால் போய் நீங்களாகவே காட்டுங்கள். பச்சை வழியில் போய்ப் பிடிபடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மருந்தை எடுத்தார்கள் என்றால் எடுத்ததற்குச் சீட்டுக் கேளுங்கள், அங்கே டொக்டரிடம் காட்ட அது உதவும்.

ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் கடிதத்தையும், கொடுக்கல் வாங்கலுக்கான குறுஞ்செய்திகளையும், வங்கிச் சீட்டையும் கழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். காணாத நோயாளிக்குக் கையொப்பம் வைத்த டொக்டரைப் பற்றி மருத்துவ சபைக்கு எழுதலாம். இனித்தான் ரிக்கெற் போடப் போகிறவர்களிடம் அந்தக் கடிதக் கதை தொடங்கினால், எந்த டொக்டர் எழுதுவார், அவருடைய பதிவிலக்கம் என்ன, பற்றுச்சீட்டு உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். ஒன்றுக்காவது மழுப்பினால் ரிக்கெற்றையும் வேறு இடத்தில் போடுங்கள்.