சாயம் ஏற்றிய டோட்ஸ்டூல் கோரல்: வாங்கும் முன் படித்துவிடுங்கள்

டோட்ஸ்டூல் கோரல் என்பது வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் காளான் வடிவப் பவளம். மெத்தென்ற உடம்புள்ள சாஃப்ட் கோரல்களில் ஒன்று, லெதர் கோரல் என்றும் சொல்வார்கள். பளிச்சென்ற மஞ்சளில் ஒரு டோட்ஸ்டூல் கோரலைக் காட்டி, "இது ஃபிஜி மஞ்சள் லெதர், லேசில் கிடைக்காது" என்று யாராவது சொன்னால், காசைக் கொடுக்கும் முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடுங்கள். என்னிடம் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். விற்றது சாயம் ஏற்றிய கோரல். அதோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். சாயம் மங்கி, அந்த உயிர் மெல்லத் தேறி, தன் சொந்த நிறத்துக்குத் திரும்பத் தொடங்கியபோது, அதையே நோய் என்று சொல்லி அதற்கு மருந்தும் விற்றார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே செய்திருந்தால் கோரல் பிழைத்திருக்காது. என்னால் பொறுக்க முடியாதது இந்த இரண்டாவது ஏமாற்றுதான்.

ஃபிஜி மஞ்சள் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. பிறவியிலேயே மஞ்சளாக இருக்கும் சார்கோஃபைட்டான் வகை அது. நல்ல வெளிச்சம் கேட்கும், புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குக் கொஞ்சம் சிரமம் கொடுக்கும். அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. சாதாரண டோட்ஸ்டூல் பழுப்பாகவோ மங்கிய க்ரீம் நிறத்திலோ இருக்கும். சிலவற்றில் பாலிப்புகள், அதாவது தொப்பியில் இருந்து நீளும் சின்னக் குழல் போன்ற உயிர்கள், பச்சையாக மினுங்கும். கடலில் இருந்து எடுத்து, கை மாறி, இருட்டுப் பெட்டிக்குள் பயணம் செய்து வெளிறிப்போன கோரலை யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள். அந்த வெளிறிய உடம்பில் சாயம் எடுப்பாகத் தெரியும். மஞ்சள் மட்டுமில்லை, அடர் இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் இப்படி ஏற்றி விற்கிறார்கள்.

நான் போன கடையில் தொட்டிகள் எல்லாம் நீல விளக்கில்தான் இருந்தன. வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிக் கேட்டேன். "கோரலுக்கு ஸ்ட்ரெஸ் ஆகும் சார், போட மாட்டோம்" என்றார்கள். டோட்ஸ்டூலோடு, பச்சையாக எரிந்துகொண்டிருந்த ஒரு மஷ்ரூம் கோரலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டில் பகல் வெளிச்சம் பட்டதும் மஷ்ரூம் வெறும் பழுப்பு. டோட்ஸ்டூலோ எந்த வெளிச்சத்திலும் ஒரே மஞ்சள்: தண்டு, தொப்பி, பாலிப், பாலிப்பின் நுனி வரை ஒரே அளவு மஞ்சள். இயற்கையான டோட்ஸ்டூலில் தண்டும் பாலிப்பும் ஒரே நிறமாக இருப்பது அரிது. பையில் இருந்த தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தபோது அதிலும் லேசான மஞ்சள் தெரிந்தது.

கடைக்கு போன் செய்தேன். "அது கோரல் விடுற சளி சார், எல்லா லெதரும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. லெதர் கோரல்கள் தோல் உரிப்பது உண்மை. மேலே மெழுகு போல ஒரு படலம் படியும், பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு சில நாட்கள், சில நேரம் ஒன்றிரண்டு வாரம்கூட மூடிக் கிடக்கும், நிறமும் மங்கும். நீரோட்டம் நன்றாக இருந்தால் படலம் கழன்று போய்விடும், பிறகு முன்பைவிட நன்றாக விரியும். ஆனால் அந்தப் படலம் தண்ணீருக்கு மஞ்சள் சாயம் ஏற்றாது. பாதி உண்மையைச் சொல்லி வாயை அடைப்பது இவர்களுக்குப் பழக்கமாக இருக்கிறது.

கோரலின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் இந்தப் பாதி உண்மைகள் நம்மிடம் செல்லாது. பெரும்பாலான சாஃப்ட் கோரல்களின் அடிப்படை நிறம் அவற்றுடையதே அல்ல. திசுவுக்குள் சூசாந்தெல்லா என்ற ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவற்றில் குளோரோஃபில் ஏ, சி2 ஆகியவற்றோடு பெரிடினின் என்ற நிறமியும் உண்டு. அதனால்தான் பொன் பழுப்பு. ஒளியை வைத்து இந்தப் பாசிகள் தயாரிக்கும் உணவில்தான் கோரலின் பெரும்பகுதி பிழைப்பு நடக்கிறது. ஆகவே பழுப்பு என்பது வயிறு நிறைந்த கோரலின் நிறம். அதை அழுக்கு என்றும் நோய் என்றும் வாங்குபவர் மனதில் பதிய வைத்தது விற்பவர்கள்தான்.

பச்சையும் ஆரஞ்சும் மினுங்குவது வேறு கணக்கு. அது கோரல் தானே உருவாக்கும் ஒளிரும் புரதங்களின் வேலை. 1962-இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லி மீனில் இருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதத்தின் குடும்பம் இது. அந்தப் புரதத்துக்காக 2008-இல் அவருக்கும் மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. பவள இனங்களிலும் இதே குடும்பப் புரதங்கள் இருப்பது 1999-இல் வெளிவந்தது. கோரல்களில் உள்ள பச்சைப் புரதங்கள் பல 450 நானோமீட்டர் ஒட்டிய நீல ஒளியை விழுங்கி, 500-க்குச் சற்று மேலே பச்சையாகத் திருப்பி விடும். வெள்ளை ஒளியிலும் இது நடக்கும், ஆனால் மற்ற நிறங்களுக்கு நடுவே கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் நீல விளக்கில் எரியும் மஷ்ரூம் வெள்ளை விளக்கில் பழுப்பாவது கோரலின் குற்றமில்லை. ஒரு விளக்கை மட்டும் காட்டி விற்பதுதான் குற்றம். ஆரஞ்சு ஃபில்டர் போட்டு எடுத்த படங்களை அனுப்பி ஆன்லைனில் விற்பதையும் இதோடுதான் சேர்ப்பேன்.

மூன்றாவதாக, சில சாஃப்ட் கோரல்களின் நிறம் உடம்புக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துணுக்குகளில் இருக்கிறது. ஸ்டார் பாலிப் என்ற கோரலின் ஊதா விரிப்பு அப்படி. ஆர்கன் பைப் கோரலின் சிவப்புக் கூடு கோரல் செத்த பிறகும் சிவப்பாகவே இருக்கும். கார்னேஷன் கோரல் என்று விற்கும் டெண்ட்ரோநெஃப்தியாவின் சிவப்பும் ஆரஞ்சும் பெருமளவு இந்தத் துணுக்குகளால்தான். அதில் பாசியே கிடையாது. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை ஓயாமல் பிடித்துத் தின்று வாழும் உயிர் அது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் சுருங்கிச் சுருங்கிச் சாகும். "இதுக்கு லைட்டே வேண்டாம், ரொம்ப ஈஸி" என்று அதைப் புதியவர்களிடம் தள்ளுகிறார்கள். லைட் வேண்டாம் என்பது உண்மை. ஈஸி என்பது பச்சைப் பொய். நான் ஏமாந்த கடையில் அன்றும் ஒருவருக்கு இதே வார்த்தையைச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இனி என் டோட்ஸ்டூலுக்கு வருகிறேன். முதல் சில வாரம் அது பாலிப்பையே நீட்டவில்லை. சாயம் திசுவுக்குள் இருக்கும்போது, மிச்சமிருக்கும் பாசிக்குப் போய்ச் சேர வேண்டிய ஒளியை அதுவே மறித்துக்கொள்ளும். ஏற்கெனவே வெளிறிய கோரலுக்கு இது பட்டினி மேல் பட்டினி. இப்படி விற்கப்படும் கோரல்களில் நிறைய இந்தக் கட்டத்திலேயே போய்விடுகின்றன. வாங்கியவர் தன் தொட்டியைத்தான் சந்தேகப்படுவார், கடையை அல்ல. என்னுடையது தாங்கியது. மஞ்சள் திட்டுத் திட்டாக வெளுத்தது, தொப்பியின் ஓரத்தில் லேசான பழுப்பு வந்தது, அங்கங்கே பாலிப் எட்டிப் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் படம் அனுப்பி விளக்கம் கேட்டேன். "நைட்ரேட் ஏறியிருக்கு, கோரல் ப்ரௌன் அவுட் ஆகுது. லைட்டை டபுள் பண்ணுங்க, இந்த கலர் பூஸ்டர் தினமும் போடுங்க" என்றார்கள். பாட்டிலையும் விலை போட்டுக் கொடுத்தார்கள். அதன் லேபிளில் உள்ளே என்ன இருக்கிறது என்பதே இல்லை. அயோடின் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அயோடின் அளவு மீறினால் நஞ்சு. தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்காமல் தினமும் ஊற்றச் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. என் தண்ணீரில் நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05, வெப்பம் 25 டிகிரி, உப்படர்த்தி 1.025. சாஃப்ட் கோரலுக்கு இதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. எண்களை அனுப்பியதும், "உங்க டெஸ்ட் கிட் சரியில்ல" என்றார்கள்.

லைட்டை இரட்டிப்பாக்கும் யோசனைதான் கொடியது. பாசி குறைந்த, வெளிறிய திசுவின் மேல் திடீரென்று கடும் ஒளி விழுந்தால் மிச்சமிருக்கும் பாசியையும் கோரல் இழந்துவிடும். இந்த வகைகளுக்கு 50 முதல் 150 பார் (பாசிகளுக்குப் பயன்படும் ஒளியின் அளவு) வரை பெரும்பாலும் போதும். தேறி வரும் கோரலைக் குறைந்த ஒளியில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். நான் ஏற்றவில்லை, பாட்டிலையும் திறக்கவில்லை. கீழ்த்தட்டில், நீரோட்டம் மிதமான இடத்தில் வைத்துவிட்டு, தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் மட்டும் போட்டேன்.

நிறம் மாறினாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக விற்ற கோரலும் புதுத் தொட்டியில் நிறம் மாறும். ஒளி குறைந்தால் பாசி தன் நிறமியைக் கூட்டிக்கொள்ளும், கோரல் கருக்கும். ஒளி கூடினால் வெளுக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகமானால் பாசி பெருகிப் பழுப்பு அடர்த்தியாகும். இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் கோரல் பசியில் வெளிறும். "ஜீரோ நைட்ரேட், கிறிஸ்டல் க்ளியர்" என்று பெருமைப்படும் தொட்டிகளில் லெதர்கள் சோகை பிடித்து நிற்பதற்கு இது ஒரு காரணம். கார்பனைக்கூட ஒரேயடியாக நிறையப் போடக் கூடாது. நெடுநாள் மங்கலாக இருந்த தண்ணீர் சட்டென்று தெளிந்தால் ஒளி கூடுதலாக இறங்கும்; கோரலுக்கு அது லைட்டை ஏற்றியதற்குச் சமம். வெப்பம் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி அப்படியே நீடித்தாலும் பாசி வெளியேறும். ஹீட்டர் அணையாமல் சிக்கிக்கொண்டு தொட்டியே வெளுத்த கதைகள் நம்மில் பலருக்குத் தெரியும்.

பழுப்பாகி, ஆனால் பாலிப் நீட்டி, தண்டு விறைப்பாக நின்றால் பதற வேண்டாம். வெளிறி, சுருங்கி, தண்டு துவண்டு, அடியில் திசு குழைந்து நாறினால் அதுதான் ஆபத்து. குழைந்த பகுதியை வெட்டி எடுக்காவிட்டால் மிச்சமும் போகும். பக்கத்தில் இருப்பவற்றுக்கும் நல்லதல்ல. லெதர்கள் அண்டை கோரலை ஒடுக்க டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் விடுபவை. கார்பன் வைத்திருக்கச் சொல்வதன் காரணமும் அதுதான்.

கடைசியில் நேரில் போனேன். முதலாளி, "கடல்ல இருந்து வரும்போதே அந்தக் கலர்தான், வித்த பிறகு எங்க பொறுப்பு இல்ல" என்றார். வெளியே வரும்போது அங்கே வேலை பார்க்கும் பையன் தணிந்த குரலில், "மஞ்சள் எல்லாமே இப்படித்தான்ணே, இங்கேயே வச்சிருந்தாலும் கொஞ்ச நாள்ல ப்ரௌன் ஆயிடும், அதான் வந்த உடனே தள்ளிடுவாங்க" என்றான். தெரிந்தே செய்கிறார்கள். பணம் திரும்பவில்லை. பாட்டிலையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் வாங்கப் போகும்போது முதலில் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் வெள்ளை வெளிச்சம் பட்டால் எந்தக் கோரலுக்கும் ஒன்றும் ஆகாது. மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். தண்டின் அடியையும் பாலிப்பின் நுனியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோரல் கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு, இரண்டு மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும், முன்பணம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான ஃபிஜி மஞ்சளை வைத்திருப்பவர் தயங்க மாட்டார். சாயம் ஏற்றியவர் சம்மதிக்கவே மாட்டார், காத்திருப்பதில் அவருக்குத்தான் நஷ்டம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். குறைந்த ஒளி, நிலையான வெப்பம், பூஜ்யமில்லாத நைட்ரேட், தொந்தரவில்லாத ஓர் இடம் இவற்றைக் கொடுங்கள். சாயத்தை மீட்கவென்று எந்தப் பாட்டிலும் வாங்காதீர்கள். என் டோட்ஸ்டூல் இப்போது முழுப் பழுப்பு, தொப்பி அகன்றிருக்கிறது, எல்லாப் பாலிப்பும் விரிகிறது. இதே கடையிலோ வேறெங்கோ மஞ்சள் லெதர் வாங்கியவர்கள், வாங்கிய அன்று எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் சேர்த்துப் போடுங்கள். நீல விளக்கை அணைத்துவிட்டு எடுத்த படமாக இருக்கட்டும்.