விளக்கில் குறையில்லை, டைமரில்தான் குறை: செடிகளுக்கான யூவி-பி விளக்கு மதிப்புரை

ஜன்னலோரத்திலும் வெள்ளை எல்இடி வெளிச்சத்திலும் வளரும் செடிகளுக்குச் சூரிய ஒளியின் ஒரு பகுதி எட்டுவதே இல்லை. 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள யூவி-பி என்னும் புற ஊதாக் கதிர்களைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. வெள்ளை எல்இடி விளக்குகள் அவற்றை வெளியிடுவதும் இல்லை. இந்தக் குறையைப் போக்குவதாகச் சொல்லி விற்கப்படும் குழல் விளக்கு ஒன்றைச் சிவப்பு லெட்டூஸ் மீதும் துளசி நாற்றுகள் மீதும் பொருத்திப் பயன்படுத்தினேன். விளக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதனுடன் வரும் கையேட்டையும் டைமரையும் தயாரித்தவர்கள், செடி இந்தக் கதிரை எப்படி எதிர்கொள்கிறது என்பதை விசாரித்ததாகவே தெரியவில்லை.

முதலில் பாராட்ட வேண்டியது, விளக்கு எந்தெந்த அலைநீளங்களில் ஒளிர்கிறது என்று காட்டி, பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் வரைபடம். செடிகளுக்கான யூவி விளக்கு என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பல, 395 நானோமீட்டரை ஒட்டி ஊதா நிறத்தில் ஒளிரும் எல்இடிக்களே. அவை வெள்ளைத்தாளைப் பளிச்சென்று ஒளிரச் செய்யும் என்பதால் வாங்குபவர் ஏமாந்துபோவது எளிது. செடியிடம் யூவி-பி கதிருக்கென்றே தனியாக ஓர் உணர்வுப் புரதம் உண்டு. அதன் பெயர் யூவிஆர்8. அது ஒளியுணர்வுப் புரதம் என்பது 2011-இல் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் நிறுவப்பட்டது. மற்ற ஒளியுணர்வுப் புரதங்கள் ஒளியை உறிஞ்சத் தனி நிறமியொன்றைத் துணைக்கு வைத்திருக்க, இதுவோ தன் உடலிலேயே உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டே கதிரை உறிஞ்சிவிடுகிறது. 395 நானோமீட்டர் ஒளியை டிரிப்டோபன் உறிஞ்சாது. ஆகவே அத்தகைய விளக்கை எத்தனை மணி நேரம் எரித்தாலும் யூவிஆர்8 அசையாது.

அசைந்தால் நடப்பது இதுதான்: இரண்டிரண்டாக இணைந்திருக்கும் யூவிஆர்8 மூலக்கூறுகள் கதிர் பட்டவுடன் பிரிந்து, காப்1 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன, அதனால் எச்ஒய்5 என்ற மற்றொரு புரதம் சிதையாமல் நிலைத்து, ஃபிளேவனாய்டுகளை உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இலையின் மேற்றோலில் சேரும் இந்தச் சேர்மங்கள் புற ஊதாக் கதிரை அங்கேயே உறிஞ்சிக்கொண்டு, ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான ஒளியை மட்டும் உள்ளே விடுகின்றன. சேதம் நேர்ந்த பிறகு தற்காத்துக்கொள்வதைவிட, சேதத்துக்கு முன்னரே சிறிதளவு கதிரைக் கொண்டு எச்சரிக்கை பெற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாடு என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

லெட்டூஸில் இதைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. வெள்ளை எல்இடியில் மட்டும் வளர்ந்த தொட்டிகளில் இலைகள் வெளிறிய பச்சையாகவே நிற்க, இந்த விளக்கின் கீழ் வைத்தவற்றில் விளிம்பிலிருந்து உள்நோக்கி, ஃபிளேவனாய்டு வகை நிறமியான ஆந்தோசயனினின் கருஞ்சிவப்பு ஏறியது. ஓர் இலையின் மேல் இன்னொன்று கவிந்திருந்த இடத்தில் மட்டும் நிழலின் வடிவம் அப்படியே பச்சையாகத் தங்கியிருந்தது. எல்லைக்கோடு கத்தியால் கீறியதுபோல் தெளிவாக இருந்தது. துளசி நாற்றுகள் நெட்டையாக நீளாமல் குட்டையாகவும், தடித்த சிறு இலைகளோடும் வளர்ந்தன. இதை விளைச்சல் பெருக்கம் என்று விளம்பரம் சொல்வது பொருந்தாது. நிறமும் மணமும் கூடலாம். இலையின் எடை கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

இனி டைமர். ஆலையிலிருந்து வரும் அமைப்பில், மற்ற விளக்குகள் அணைந்த பின் இரவில் இந்த விளக்கு தனியே எரிகிறது. யூவி-பி கதிர் டிஎன்ஏவின் எழுத்துகள் போன்ற காரங்களில் அடுத்தடுத்து நிற்கும் பிரிமிடின் வகையினவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அந்த ஒட்டலைப் பிரிக்கச் செடி பெரிதும் நம்பியிருப்பது ஃபோட்டோலையேஸ் என்ற நொதியை. அந்த நொதி இயங்குவதற்கோ நீல ஒளியோ, யூவி-பியைவிட நீண்ட அலைநீளமுள்ள யூவி-ஏ ஒளியோ வேண்டும். இருட்டில் யூவி-பியை மட்டும் பாய்ச்சுவது, சேதத்தை உண்டாக்கிவிட்டுப் பழுதுபார்ப்பவரை வாசலிலேயே நிறுத்திவைப்பதற்குச் சமம். நல்ல வேளையாக நேரத்தை மாற்ற முடிகிறது. வெள்ளை ஒளி முழு வீச்சில் எரியும் நண்பகல் வேளைக்கு மாற்றிய பின்பே நான் மேற்சொன்ன பலனைக் கண்டேன்.

நேரத்தை வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும் கையேட்டின் அறிவுரையும் ஏற்கத்தக்கதன்று. யூவிஆர்8 தூண்டிய அதே பாதையில் ரப்1, ரப்2 என்ற புரதங்களும் உருவாகி, பிரிந்த மூலக்கூறுகளை மீண்டும் இணைத்துத் தூண்டலைத் தணிக்கின்றன. எனவே இது ஊட்டிக்கொண்டே போகும் உரமன்று, அளவோடு தரவேண்டிய சைகை. இலையின் மேற்பரப்பு பளபளத்து வெண்கல நிறமடைவதும், விளிம்பு சுருள்வதும் அளவு மீறியதற்கான அடையாளங்கள். அவற்றைக் கண்டால் விளக்கை உயர்த்திக் கட்டுவதே முதல் வேலை. கண்ணாடிக்குள்ளேயே முளைத்த நாற்றுகளுக்குத் தொடக்கத்தில் இந்த மேற்றோல் காப்பு மிகக் குறைவு என்பதால், அவற்றுக்குச் சில நிமிடங்களில் தொடங்குவதே முறை.

கட்டமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொக்கிகள் உறுதியானவை, வயர் நீளம் போதும். ஆனால் மூடியைத் திறந்தால் தானே அணையும் வசதி இல்லை. இந்தக் கதிர் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் என்பதால், நீர் ஊற்றும்போதெல்லாம் அணைத்துவிட வேண்டும். ஆட்கள் நடமாடும் பக்கத்தில் பாலிகார்பனேட் தகடு ஒன்றை நிறுத்தினால் அது யூவி-பியைத் தடுத்துவிடும். செடிகளைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வமுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். ஜன்னலோரத்தில் இலைச்செடி ஒன்றிரண்டு வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. வாங்குவதற்கு முன், மாற்றுக்குழல் தனியாகக் கிடைக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் இவ்வகைக் குழல்களில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மங்குவதற்கு வெகு முன்பே யூவி-பி குறைந்துவிடும்.