பூட்டின வீட்டுக்குக் கரண்ட் பில்: மஸ்கட்டில் இருந்து ஒன்பது வருஷம் பார்த்த கணக்கு

ஞாயிறு காலை கோயிலுக்குப் போகிற வழியில் சித்தி எங்கள் வீட்டு மதிலோரம் ஒரு நிமிஷம் நிற்பார். மீட்டர் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ. மஸ்கட்டில் நான் எழுந்து சாயா போடும் நேரத்துக்கு அது வாட்ஸாப்பில் வந்து கிடக்கும். சில வாரம் எண் தெளிவாக இருக்கும், சில வாரம் சித்தியின் கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கும். ஊரில் வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கிற ஆளுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இந்தப் போட்டோ ஒன்றுதான். பில் கட்ட ஆயிரம் வழி வந்தாச்சு. அந்த பில் சரிதானா என்று கடல் தாண்டி இருந்து தெரிந்துகொள்வதுதான் பாடு.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கலுக்கும் குளச்சலுக்கும் நடுவில். 2016-ல் பால்காய்ச்சு. அந்த வருஷம் மே மாதம்தான் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. அது எனக்கு நல்ல அளவுகோலாகப் போயிற்று. பூட்டிக் கிடக்கிற வீடு 100-ஐத் தாண்டக் கூடாது, பில் பூஜ்யமாக வரவேண்டும். வரவில்லை என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது.

முதல் இரண்டு வருஷம் இந்த விவரம் எதுவும் எனக்கு இல்லை. இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது செல்போன் எண் என்ற இடத்தில் வீடு கட்டின காண்டிராக்டர் தன் எண்ணையே எழுதிவைத்திருந்தார். குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குப் போனது. அவர் தக்கலை பக்கம் வேறு யாருக்கோ வீடு கட்டிக்கொண்டிருந்தார். ரீடிங் எடுத்ததிலிருந்து 20 நாளுக்குள் கட்டவேண்டும். கட்டவில்லை, மின்வாரியத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். அது தெரியாமல் லீவுக்கு வந்து இறங்கிய ராத்திரி பெட்டி படுக்கையோடு இருட்டில் நின்றோம். கூடுதலாகக் கட்டினது சில நூறு ரூபாய்தான். மறு இணைப்பு வருகிறவரை என் அக்கா வீட்டில் தங்கின இரண்டு நாளுக்கு என் மனைவி இன்றுவரை எனக்கு பில் போடுகிறாள். எண்ணை மாற்றுங்கள், முதல் வேலையாக.

பணம் கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் போட மறந்து அது செத்துப்போனதும் ஓ.டி.பி. நின்றது, ஓ.டி.பி. இல்லாமல் எதுவும் நகராது. 2023 ஜனவரியில் ஓமன் உட்பட 10 நாட்டுச் செல்போன் எண்களோடு என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. என்கிற வெளிநாடு வாழ் இந்தியர் வங்கிக் கணக்குகளை, செல்போனிலேயே பணம் அனுப்புகிற யு.பி.ஐ.யில் சேர்க்கலாம் என்று அனுமதி வந்தது. என் வங்கியில் அது வந்துசேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை லீவு முடிந்து கிளம்பும்போது இணைப்பு எண்ணில் இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் போட்டுவிட்டு வருவேன், வருகிற பில் அதில் கழியும். இப்போதும் அதை விடவில்லை. இணைப்பு இன்னும் காலமான அப்பாவின் பெயரில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பத்திரமும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருந்தால் ஒரு லீவில் முடியும். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, பெயர் ஒன்று ஆள் ஒன்று என்று இருந்தவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம் அலைந்தார்கள்.

அடுத்தது கேட். எங்கள் மீட்டர் முதலில் சிட்அவுட் சுவரில் இருந்தது, கேட்டில் பெரிய பூட்டு. ரீடிங் எடுக்க வருகிறவர் மதில் ஏறிக் குதிக்கவா முடியும்? கதவடைப்பு என்று போட்டு, போன தடவை வந்த தொகையையே இந்தத் தடவையும் போடுவார்கள், பிறகு ரீடிங் கிடைக்கும்போது கழித்துக்கொள்வார்கள். 2020-ல் ஊரடங்கின்போது தமிழ்நாடு முழுக்க இதே முறையில்தான் கட்டினார்கள். ஆனால் எனக்கு ‘போன தடவை’ என்பது நாங்கள் எல்லோரும் லீவில் வந்து ஏ.சி. போட்டுத் தூங்கின இரண்டு மாதம்! மனு கொடுத்து, பணம் கட்டி, மீட்டரை மதிலின் வெளிப்பக்கம் மாற்றச் சொன்னேன். இதை நம்முடைய எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்துவிடாதீர்கள். சீல் உடைந்தால் அது வேறு வழக்கு. பெட்டி மட்டும் இரும்பில் வாங்காதீர்கள். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் கீல் ஒரு வருஷம் தாங்காது.

வெளியே வந்தபிறகுதான் சித்தியின் போட்டோ ஆரம்பமானது.

2021-ல் ஒரு தடவை பூட்டின வீட்டுக்கு 168 யூனிட். சித்தியே முதலில் கேட்டார்: “மக்ளே, ஆளில்லாத வீட்டுல இது என்னத்துக்கு இந்த மினுக்கு மினுக்குது?” மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன லைட் விட்டுவிட்டு எரியும். என் மீட்டரில் 3200 மினுக்கல் ஒரு யூனிட் என்று முகப்பிலேயே அச்சடித்திருக்கிறது. சித்தி வீடியோ எடுத்து அனுப்பினார். பத்து விநாடிக்கு ஒரு மினுக்கல். நிமிஷத்துக்கு 6, மணிக்கு 360, நாளைக்கு 8640. அதாவது நாளைக்கு 2.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 162. பில் பொய் சொல்லவில்லை, வீடுதான் குடித்துக்கொண்டிருக்கிறது.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து, வீடியோ காலில் நான் பார்த்துக்கொண்டே இருக்க, போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற எம்.சி.பி. சுவிட்சை ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னேன். கிணற்று மூலையில் இருக்கிற மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் போகிற எம்.சி.பி.யை அணைத்ததும் மினுக்கல் ஏறக்குறைய நின்றுவிட்டது. வாழைக்குக் குழி எடுத்தபோது மண்ணுக்கடியில் போகிற கேபிளில் மம்மட்டி பட்டிருக்கிறது. மழை ஈரத்தில் கரண்ட் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்போதைய மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் எதில் கரண்ட் அதிகமாகப் போகிறதோ அதைத்தான் கணக்கில் எடுக்கும், அதனால் மண்ணுக்குள் போகிறதும் பில்லில் ஏறும். பில் போகட்டும். அந்த வாழைக்கு அடியில்தான் சித்தியின் ஆடு மேயும். கரண்ட் இப்படிக் கசிந்தால் தானே லைனை அணைத்துவிடுகிற சுவிட்ச் ஆர்.சி.சி.பி., அன்றைக்கே அதை மாட்டச் சொன்னேன். வீடு கட்டும்போதே மாட்டியிருக்க வேண்டியது, டைல்ஸுக்குச் செலவழித்த புத்தி அதற்கு வரவில்லை.

மெயினையே அணைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பார்கள். செய்து பார்த்தேன். சார்ஜ் ஏறாமல் கிடந்து இன்வெர்ட்டர் பாட்டரி இரண்டு செத்தது. ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் தெங்கும் போஸ்டுமாக விழுந்து எங்கள் தெருவில் பதினோரு நாள் கரண்ட் இல்லை, அப்போதே ஒன்று பாதி உயிராகியிருந்தது. இப்போது இன்வெர்ட்டர் மட்டும் ஓடும். இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் பக்கம். ஃப்ரிட்ஜைக் காலிசெய்து கதவைத் திறந்துவைத்துவிட்டு வருவோம், இடி இடித்து ஆர்.சி.சி.பி. விழுந்தாலும் அழுகிப்போக உள்ளே ஒன்றும் இல்லை.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். 2023 ஜூன் 25 போட்டோவில் எண் இருந்தது. ஜூலை 2 போட்டோவில் வெறும் கண்ணாடி. “மீட்டரு கண்ண மூடியாச்சு மக்ளே” என்று வாய்ஸ் மெசேஜ் வேறு. வீட்டில் கரண்ட் இருந்தது, மீட்டரில்தான் எதுவும் இல்லை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, 2021 ஜூனில் தொடங்கினது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அங்கே சொல்லி, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டேன். மீட்டர் ஓடாத நாட்களுக்குப் பணம் கிடையாது என்று நண்பர்கள் வாழ்த்தினார்கள். அப்படி இல்லை. மீட்டர் பழுதானால் அதற்கு முந்தைய நான்கு மாதத்தின் சராசரியைப் போடுவார்கள்.

எனக்கு ரீடிங் இரட்டை மாதம், 10-ஆம் தேதி வாக்கில். நின்றுபோன மீட்டருக்கு முந்தைய இரண்டு ரீடிங்: ஏப்ரலில் 38, ஜூனில் 640. நடுவில் நாங்கள் குடும்பத்தோடு லீவில் இருந்திருக்கிறோம். சராசரி 339. ஆளில்லாத வீட்டுக்கு 339!

தமிழ்நாடு மின்சார வழங்கல் விதித்தொகுப்பு என்று 2004-ல் வந்த ஒன்று இருக்கிறது. அதன் 11-ஆவது விதியைப் பொறுமையாகப் படித்தேன். மீட்டர் ஓடாத காலத்தில் மின்சாரம் பயன்படுத்தின நிலைமையும் அந்த நான்கு மாத நிலைமையும் வேறுபட்டிருந்தால், முந்தைய 12 மாதத்துக்குள் நிலைமை ஒத்திருக்கிற வேறு நான்கு தொடர் மாதங்களை எடுக்கலாம். என்னிடம் 2022 அக்டோபரிலிருந்து 2023 பிப்ரவரி வரை வாரா வாரம் போட்டோ இருந்தது: ஒரு ரீடிங்குக்கு 36, அடுத்ததற்கு 41. பாஸ்போர்ட்டில் மஸ்கட் முத்திரை பதிந்த பக்கம், விமான டிக்கெட், போட்டோக்களை அச்செடுத்த நான்கு தாள், கையெழுத்தில் ஒரு மனு. என் மச்சான் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கினான். சராசரி 38 என்று வைத்துக்கொண்டார்கள். பில் பூஜ்யம். புது மீட்டரும் வந்தது. பழைய மீட்டரைக் கழற்றுமுன் இணைப்பு எண்ணோடு அதை ஒரு போட்டோ, புது மீட்டரின் வரிசை எண்ணும் தொடக்க ரீடிங்கும் இன்னொன்று. இதைச் சித்திக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

லீவு போடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த விகிதத்தில், 500 யூனிட் வரை ஓடினால் 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், 500-ஐத் தாண்டினால் அதே யூனிட்டுக்கு 4.50. 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ஆறு வார லீவில் 780 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமும் ஒரே ரீடிங்குக்குள் விழுந்தால் 4370 ரூபாய். லீவுக்கு நடுவில் ரீடிங் வந்து 390, 390 என்று பிரிந்தால் 1080-ம் 1080-மாக 2160. விகிதம் 2024 ஜூலையில் கூடிவிட்டது, ஆனால் இந்த மேடுபள்ளம் அப்படியேதான். ரீடிங் தேதியை நாம் மாற்ற முடியாது, டிக்கெட் தேதியை மாற்றலாம். இந்தத் தடவை மே 20-க்கு வந்து ஜூலை முதல் தேதி கிளம்பினோம். கல்யாண வீடு ஒன்றைத் தவறவிட்டதாக மனைவிக்கு வருத்தம், அந்தக் கணக்கும் என் தலையில்தான் ஏறும்.

போன ஞாயிறு போட்டோவோடு சித்தி ஒரு வரி எழுதியிருந்தார்: “போன வாரத்துக்கு 5 கூடுதல். இன்வெர்ட்டர்தான். பெட்டிக்குள்ள பல்லி முட்டை இட்டிருக்கு, எடுத்துப் போட்டேன்.”