கேள்வியா, பாதிச் செய்தியா?

மொரிசியஸ் ரூபாய்த் தாள் பற்றிய கட்டுரைக்கு இரண்டு தொடக்கங்கள்.

“நம் ரூபாய்த் தாளில் தமிழ் எங்கே இருக்கிறது தெரியுமா?” எழுதச் சுலபம். ‘தெரியுமே’ என்பவர் அங்கேயே நகர்ந்துவிடுவார்.

“1998இல் வெளியிட்ட புதுத் தாள்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. மதிப்பில் பிழையில்லை, இரண்டு வரிகளின் வரிசைதான் சிக்கல்.” இங்கே ‘எந்த வரிகள்?’ என்று வாசகரே கேட்கிறார். எனவே இதுவே வலுவானது. ஆண்டையும் நடந்ததையும் கொடுத்து, காரணத்தை மட்டும் நிறுத்திவையுங்கள். எல்லாவற்றையும் மறைத்தால் வெறும் தூண்டில்தான். தமிழுக்கு மேலே இந்தி அச்சாகியிருந்தது என்ற விடை இரண்டாம் பத்தியிலேயே வரட்டும். இழுத்தடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வாசகர் ஏற்கெனவே சந்தேகத்தோடு வரும் இடத்தில் கேள்வியே மேல்: “காவடி விரதத்தில் மாத்திரை சாப்பிடலாமா?”